மூன்று மணிக்கு மேல் கேட்ட ஏலம்

ஏலத்தின் கடைசி நிமிடத்தில் எந்த நொடியில் பட்டனைத் தட்ட வேண்டும் என்றுதான் நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிறீர்கள். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கூடிப் பேசி இந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. ஓய்வு பெற்று வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பவளிடம் தொழிலைப் பற்றிக் கேட்டால் சொல்லாமல் இருப்பேனா? சொல்கிறேன். ஆனால் பட்டனைத் தட்டிய பிறகு நடந்த ஒன்றையும் சேர்த்துத்தான் சொல்வேன். பாதியில் எழுந்து ஓடுகிறவர்கள் இப்போதே ஓடிவிடலாம்.

கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கீழே பாகு காய்ச்சினால் மேலே ஃபைல்களில்கூட வெல்ல வாசம் அடிக்கும். இணையத்தில் நடக்கும் ஏலங்களில் மற்றவர்களுக்காக உட்கார்ந்து கேட்டுக்கொடுப்பது எங்கள் வேலை. கடன் கட்டாததால் வங்கி எடுத்துக்கொண்ட நிலம், நூல் மில்லில் கழித்துப்போட்ட இயந்திரம், இப்படி என்ன வந்தாலும் கேட்போம். பதிவு செய்வது, முன்பணம் கட்டுவது எல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

நான் செய்த முதல் தவறு ஒரு மில்லின் பழைய ஜெனரேட்டருக்கு நடந்த ஏலத்தில். கடைசிப் பத்து நொடியில் கேட்டு அள்ளிவிடுவேன் என்று மார்தட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இன்னும் கால் நிமிடம் பாக்கி இருக்கும்போதே திரையில் ஏலம் முடிந்தது என்று வந்துவிட்டது. எங்கள் முதலாளி திட்டவில்லை. எழுந்து போய் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி என் மேஜையில் வைத்தார். "இத வீட்டுக்குக் கொண்டுட்டுப் போ தாயி. ஏலம் நடத்துதவன் கடிகாரம் மட்டுந்தான் நமக்குக் கடிகாரம்" என்றார். மானம் போனது போலிருந்தது, ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தவறை நான் செய்ததில்லை.

அவர் இன்னொன்றும் சொல்வார். திரையில் யார் கேட்கிறார்கள் என்று பெயர் வராது, தொகை மட்டும்தான் வரும். அந்தத் தொகையின் வாலைப் பார் என்பார். கம்பெனிக்காரன் முழு ஆயிரமாகப் போடுவான், பயந்தவன் குறைந்தபட்சம் எவ்வளவோ அதை மட்டும் கூட்டுவான், ஆத்திரக்காரன் ஒரேயடியாக லட்சம் தாவுவான். வாலைப் பார்த்தால் ஆள் தெரியும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சில ஏலங்கள் மணி அடித்ததும் முடிந்துவிடும். அங்கே எட்டு, ஒன்பது நொடி இருக்கும்போது தட்டுங்கள். அதற்கும் குறைத்தால் உங்கள் இணையம் காலை வாரும். வேறு சில ஏலங்களில் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யார் கேட்டாலும் முடிவு நேரம் இன்னும் ஐந்து நிமிடம் தள்ளிப்போகும். வங்கி நிலமெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். அங்கே நொடியைப் பார்த்துப் பயனில்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் பார்க்க வேண்டும். முன்னாலேயே கேட்டு உங்கள் ஆசையைக் காட்டாதீர்கள். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்பதை ஒருவரிடமும் சொல்லாதீர்கள். இதை நான் வேதம் போல வைத்திருந்தேன்.

எட்டயபுரம் போகும் சாலையில் ஒருவர் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவரை அண்ணாச்சி என்றே சொல்கிறேன். அவர் ஆபீஸுக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர் வெறும் கரிசல் நிலம். அதற்கும் மேற்கே இன்னொருவரின் தீப்பெட்டி ஆபீஸ். நடுவில் கிடந்த நிலத்தை யாரோ வெளியூர்க்காரர் வங்கியில் அடமானம் வைத்து மீட்காமல் விட்டுவிட்டார். அது ஏலத்துக்கு வந்தது.

"அந்த எடத்துல ஒரு வீடு வந்தாலும் நான் ஆபீஸச் சாத்த வேண்டியதுதாம்மா" என்றார் அண்ணாச்சி. தீக்குச்சி மருந்து வைத்துத் தொழில் செய்யும் இடத்தை ஒட்டிக் குடியிருப்பு வந்தால் உரிமத்தைப் புதுப்பித்துத் தரமாட்டார்கள். மனை வியாபாரி ஒருவனின் கார் இரண்டு தடவை அங்கே வந்து நின்றதை அண்ணாச்சி கண்ணால் பார்த்திருக்கிறார். இறங்கி டேப் பிடித்து அளந்தார்களாம். அண்ணாச்சியின் ஆபீஸில் அறுபதுக்கு மேல் பெண்கள் வேலை செய்தார்கள். அந்த நிலத்தை வாங்குவதற்காக வீட்டு நகை, லாரி எல்லாவற்றையும் வைத்து ஐம்பது லட்சம் வரை புரட்டியிருந்தார். அதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். "மேக்க உள்ள ஆபீஸ்காரர்ட்ட ஒரு வார்த்தை சொல்லட்டா? அவியளுக்கும் இது தொந்தரவுதான?"

நான் பதறிவிட்டேன். "வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. ஏலத்துக்கு முன்னாடி ரெண்டு பேரு பேசிக்கிட்டா கூட்டுச் சேந்ததா ஆயிரும். ஏலத்தையே ரத்து பண்ணிருவாங்க. வீட்டுலகூட மூச்சு விடாதீங்க."

நான் சொன்னதில் தவறில்லை. விதி அப்படித்தான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. இரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடிகிற ஏலம். அண்ணாச்சி நெற்றி நிறைய விபூதியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு நிபந்தனை போட்டார். எந்தத் தொகை கேட்டாலும் கடைசியில் ஒற்றை ரூபாய் வைத்துத்தான் கேட்க வேண்டும். மூன்று மணிக்கு மேல் கேட்கவே கூடாது, ராகுகாலம் தொடங்கிவிடும்.

"நேரம் தள்ளிப்போகலாம் அண்ணாச்சி" என்றேன்.

"அதுக்கு முன்ன முடிச்சிரு. இருவத்தஞ்சு வருசமா மருந்தோட பொழைக்கேன். ராகுகாலத்துல ஒரு நாளு மருந்து கலக்குனது கெடையாது. ஒருத்தி கையில ஒரு தீக்காயம் கெடையாது. அத இன்னைக்கு மாத்தச் சொல்லாத."

எனக்கு இந்த நம்பிக்கை எல்லாம் கிடையாது. ஆனால் கையில் தீக்காயம் இல்லை என்று ஒருவர் சொல்லும்போது அதில் வாதாட என்ன இருக்கிறது?

இருபது நிமிடம் திரை சும்மா கிடந்தது. பிறகு யாரோ கேட்டார்கள். நாற்பத்தொரு லட்சத்து ஒன்று.

"பாத்தியா, வெவரமான ஆளு. ஒத்த ரூவா வச்சுக் கேக்கான்" என்றார் அண்ணாச்சி.

அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். என் முதலாளி சொன்ன வால் கண்ணெதிரே தெரிந்தது. ஆனால் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. மனை வியாபாரி நம் ஊர் ஆளைப் பிடித்துக் கேட்கச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். படபடப்பில் இருப்பவர்களுக்கு முதலில் தோன்றும் காரணமே போதுமானதாக இருக்கும்.

இரண்டு ஐம்பதுக்கு நாங்கள் உள்ளே இறங்கினோம். நம் தொகை மேலே இருந்தால் திரையில் பச்சை, கீழே போனால் சிவப்பு. நாங்கள் பச்சை ஆனதும் அரை நிமிடத்தில் சிவப்பு வந்தது. மறுபடி பச்சை, மறுபடி சிவப்பு. நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு என்று ஏறியது. அண்ணாச்சி முதலில் வாய்விட்டுத் தொகையைச் சொல்லிக்கொண்டிருந்தார், பிறகு விரலை மட்டும் காட்டினார், பிறகு அதுவும் நின்றுபோனது. அவர் முழங்கால் மேஜையில் இடித்துக்கொண்டே இருந்தது, கீபோர்டு ஆடியது.

இரண்டு ஐம்பத்து நான்கிலிருந்து நாங்கள் நாற்பத்தேழே கால் லட்சத்தில் பச்சையாக இருந்தோம். மூன்றுக்கு இன்னும் பதினைந்து நொடி இருக்கும்போது சிவப்பு வந்தது. நாற்பத்தேழே முக்கால் லட்சத்து ஒன்று. முடிவு நேரம் மூன்று ஐந்துக்குத் தாவியது. நான் அடுத்த தொகையை அடித்து முடிப்பதற்குள் திரையில் மணி மூன்று ஆகிவிட்டது.

அண்ணாச்சி என் கையிலிருந்த மவுஸைப் பிடித்துத் தள்ளிவைத்தார்.

"போதும்மா."

"அண்ணாச்சி, இன்னும் ரெண்டே கால் லட்சம் கேக்கலாம். எதிர்த்தாப்புல உள்ளவனுக்கும் மூச்சு வாங்குது."

"போதும்னு சொல்லுதேன்லா. மூணு ஆயிருச்சு."

தொழில் போகிறது என்று தெரிந்தே ஒரு மனிதர் கையை எடுத்துக்கொள்கிறார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம் என்னிடம் இருந்தது, ஐம்பது லட்சம் வரை நானே கேட்கலாம். அவரை மீறித் தட்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தட்டவில்லை. நம்மிடம் வருகிறவர்கள் தொகைக்கு எல்லை வைப்பது போலவே வேறு சிலவற்றுக்கும் எல்லை வைப்பார்கள். அதில் ஒன்றை மதித்து ஒன்றைத் தூக்கிப்போட நமக்கு அதிகாரம் இல்லை.

நாலு நிமிடம் இருந்தது. அப்போதுதான் என் மாமனார் நினைவு வந்தது. அவர் பஞ்சாங்கம் பார்ப்பவர். காலண்டரில் போட்டிருக்கும் ராகுகாலத்தைக் கண்டாலே சீறுவார்.

"அண்ணாச்சி, காலண்டர்ல மூணுன்னு போட்டிருக்கது, சூரியன் தெனமும் ஆறு மணிக்கு உதிக்கும்னு கணக்கு வச்சுப் போட்டது. இது தை மாசம். இன்னைக்கு எத்தன மணிக்கு வெயிலு வந்துச்சு?"

"ஆறே முக்காலு இருக்கும். அதுக்கென்ன?"

"உதயத்துல இருந்துதான ராகுகாலத்தப் பிரிக்கணும்? உதயம் பிந்துனா அதுவும் பிந்தும். இன்னைக்கு மூணே காலுக்கு மேலதான் தொடங்குது. என் மாமனார் ஆயிரம் தடவ சொல்லியிருக்காவ."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூன்று நிமிடம் இருந்தது.

"நெசமாத்தான் சொல்லுதியா? இல்ல இந்த ஏலத்துக்காகச் சொல்லுதியா?"

"ஏலத்துக்காகத்தான் சொல்லுதேன். ஆனா நெசத்தச் சொல்லுதேன்."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெயிலைப் பார்த்தாரா, சாமி கும்பிட்டாரா என்று தெரியவில்லை. முதுகு மட்டும்தான் தெரிந்தது. திரையில் இரண்டு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று குறைந்துகொண்டே வந்தது. ஒரு நிமிடம் இருக்கும்போது திரும்பாமலே, "கேளு. ஒத்த ரூவாய விட்டுராத" என்றார்.

நாற்பத்தெட்டே கால் லட்சத்து ஒன்று. பச்சை வந்தது. முடிவு நேரம் இன்னும் ஐந்து நிமிடம் தள்ளியது.

அந்த ஐந்து நிமிடம் போல ஒன்றை நான் இந்தத் தொழிலில் வேறெப்போதும் உட்கார்ந்து கழித்ததில்லை. சிவப்பு வரும், வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. பதினைந்து நொடி இருக்கும்போதுகூட விடாமல் கேட்ட ஆள், மூன்று மணிக்கு மேல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏலம் முடிந்தது என்று திரையில் வந்தபோது அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நான் சிரித்தேன். "அண்ணாச்சி, எதிராளியும் ராகுகாலம் பாக்குத ஆளுதான். காலண்டரப் பாத்து மூணுக்கே மூடிட்டான் போல!"

அவரும் சிரித்தார். கீழே போய் ஒரு கிலோ கடலைமிட்டாய் வாங்கி வந்து ஆபீஸ் முழுக்கக் கொடுத்தார்.

நான் என்ன சொன்னேன் என்று கவனித்தீர்களா? எதிரே இருந்தது மனை வியாபாரி இல்லை என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். ஒற்றை ரூபாய் வைப்பவர், ராகுகாலம் பார்ப்பவர், அந்தக் கரிசல் துண்டுக்கு நாற்பத்தேழே முக்கால் லட்சம் தரத் துணிந்தவர். அப்படி ஒருவர் யாராக இருக்க முடியும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். ஜெயித்த மப்பில் அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை. அதோடு நிற்காமல், வங்கியிலிருந்து விற்பனைச் சான்றிதழ் கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள், யாராவது தடை வாங்கிவிடுவார்கள் என்று அண்ணாச்சிக்கு மறுபடியும் பூட்டுப் போட்டு அனுப்பினேன். அவர் சொன்னபடி கேட்டார்.

மூன்று வாரத்தில் சான்றிதழ் வந்தது. அண்ணாச்சி கம்பிவேலி போட்டுத் தன் ஆபீஸ் பெயரில் போர்டு வைத்தார். மறுநாள் காலை எங்கள் மாடிப்படியில் ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். மேற்கே இருந்த தீப்பெட்டி ஆபீஸ்காரர். எங்கள் ஆபீஸ்தான் கேட்டுக்கொடுத்தது என்று அண்ணாச்சி ஆபீஸில் யாரோ அன்று காலை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அந்த எடத்துக்குக் கேட்டது நீங்கதானா தாயி?"

"ஆமாங்கய்யா."

"எதிர்த்துக் கேட்டது நாந்தான். மக லேப்டாப்புல உக்காந்து கேட்டேன். மூணு அடிக்கவும் மூடி வச்சுட்டேன்."

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மனை போடுதவன்தான் எடுத்துட்டான்னு நெனச்சேன். மறுநாளு அவனே ஆபீஸுக்கு வந்தான். நடுவுல உள்ள எடம் ஒனக்கான்னு கேட்டேன். சிரிச்சான். ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. ஒங்க எடத்தையும் குடுத்துருங்க, வெல தாரேன்னான். வீடு வந்த பொறவு லைசென்சும் போயிரும், எடத்துக்கும் வெல கெடைக்காது. அதான் கையெழுத்துப் போட்டு அச்சாரம் வாங்கிட்டேன். இந்த மாசத்தோட வேலைக்கு வர்ற பிள்ளைகளையெல்லாம் நின்னுக்கிடச் சொல்லிட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "நேத்து போர்டு வச்சதப் பாத்தேன். அண்ணாச்சி அதுல வீடு கட்டப் போறாவளா?"

"இல்லங்கய்யா. வெறும் எடமாத்தான் போட்டு வைப்பாவ."

"நானும் அதுக்குத்தான் கேட்டேன்" என்றார்.

அவர் கத்தியிருந்தால் நானும் விதியைச் சொல்லிக் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. "ஏலத்துக்கு முன்ன பேசக் கூடாது, சரி. முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் ஒரு போன் போட்டிருக்கலாம்லா தாயி?" என்று மட்டும் கேட்டார்.

ஏலம் முடிந்தபின் பேசக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. வாயை மூடிப் பழகியவள், திறக்க வேண்டிய நேரம் வந்தபோது திறக்கவில்லை, அவ்வளவுதான். தோற்றது யார் என்றே தெரியாதபோது யாருக்குப் போன் போடுவது என்று நீங்கள் கேட்கலாம். பல சமயம் தெரியாதுதான். எனக்கு அன்று தெரிந்துகொள்ள எல்லாமே திரையில் இருந்தது.

அண்ணாச்சியும் நானும் அந்த மனை வியாபாரியிடம் போய்ப் பேசிப் பார்த்தோம். அந்த இடத்தை விட்டுக்கொடுத்தால் அச்சாரத்தை இரண்டு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார் அண்ணாச்சி. அவன் அன்றைக்கும் சிரித்தான். நடுவில் அண்ணாச்சியின் நிலம் இருந்ததால் அவர் ஆபீஸுக்கு ஆபத்தில்லை. நான் யாருக்காகக் கேட்டேனோ அவர் பிழைத்துக்கொண்டார். என் வேலை அதுதானே என்று எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் அது எடுபடவில்லை.

மேற்கு ஆபீஸில் ஐம்பது பெண்கள் இருந்தார்கள். பதினெட்டுப் பேரைத் தன் ஆபீஸில் எடுத்துக்கொள்ள முடியும் என்றார் அண்ணாச்சி. அந்த ஆபீஸின் கடைசி நாளில் அந்தப் பதினெட்டுப் பேரின் பெயரை எழுதும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நாகலாபுரம் பக்கத்திலிருந்து வேனில் வருகிற பெண்கள் வரிசையாக நின்றார்கள். பதினெட்டாவது பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

அடுத்து நின்ற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. விரல் நுனியெல்லாம் மருந்தின் சிவப்பு. "இவ்வளவு பேருக்குத்தாம்மா எடம் இருக்கு" என்றேன். அவள் கோபப்படவில்லை. என்னை யாரென்றும் அவளுக்குத் தெரியாது.

"பரவால்லக்கா. எடம் வந்தா ஒரு போன் போடுங்க" என்று சொல்லி நம்பரைக் கொடுத்தாள்.

எழுதிக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் இன்னும் முப்பத்தொரு பேர் நின்றார்கள்.